மாமனார் கொய்னா மாத்திரை விழுங்கிய விதம்

பாரிவாக்கம்,
1936 மாசி.

மைத்துனன் சிரஞ்சீவி கோதண்டத்துக்கு, மாமன் செங்கல்வராயன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பொன்னம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். உன் தகப்பனார் படுத்திருந்து எழுந்துவிட்டார். ஆகையால் பதறாமல் மேலே படிக்கவும்.

போன மாதம் மாமனாருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடியது. வண்டி கட்டிப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் குளிர்காய்ச்சலுக்கான கசப்புக் கொய்னா மாத்திரை கொடுத்து, "பெரியவரே, இதைச் சாப்பிடாவிட்டால் செத்துப்போவீர்" என்றார். மாமா அசரவில்லை. "எங்கப்பன் செத்தான், அவங்கப்பன் செத்தான், நான் மட்டும் இன்னா, சாவாமயே கீறதா?" என்று மாத்திரையைத் துப்பிவிட்டார். டாக்டருக்கு வியர்த்துவிட்டது. கம்பவுண்டர் சாமர்த்தியசாலி, நயமாகப் பேசிப் பார்த்தார்: "சாப்பிட்டா ஒரே வாரத்துல எழுந்து ஏத்தம் மிதிக்கலாம் ஐயா." வந்தது வினை! "அதுக்குப் படுத்துகினே கீறேன்" என்று மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நான் கெஞ்சினேன், அதட்டினேன், வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். பழம் உள்ளே போனது, மாத்திரை வெளியே வந்தது. காய்ச்சலோ ஏறிக்கொண்டே போனது. கோதண்டம், உனக்குத் தந்தி அடிக்கத் துணிந்துவிட்டேன். அப்போதுதான் உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நைனா, உனக்கு வேணாம்னா உட்டுடு. பக்கத்துக் கழனி மதுரைவீரனும் காய்ச்சல்ல படுத்துகினுகீறான். அவனுக்குக் குடுத்துர்றேன். அவன் முன்னாடி எழுந்து மடைத்தண்ணியப் பூரா அவன் பக்கம் திருப்பிக்கினா, நாம மானத்தப் பாத்துகினு கெடக்கலாம்" என்றாள்.

மாமா விருட்டென்று உட்கார்ந்தார். "குடுறீ அத!" தண்ணீர்கூடக் கேட்கவில்லை. விழுங்கிவிட்டு, "இன்னும் கீதா?" என்றார்.

இப்போது மண்வெட்டியோடு மடையில் நிற்கிறார். யோசனை என்னுடையது என்றுதான் ஊரில் சொல்லி வருகிறேன். உன் அக்கா மறுக்கவில்லை, முறைக்கிறாள். கோலாரில் உனக்குக் காய்ச்சல் வந்தால் பிகு பண்ணாமல் மருந்து சாப்பிடு. கசப்புக்கு அஞ்சுகிறவன் ஆண்பிள்ளையே அல்ல. முருகன் அருளால் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

பின்குறிப்பு: காலை முதல் எனக்கே குளிர் உதறுகிறது. கையெழுத்துக் கோணலுக்கு அதுவே காரணம். உன் அக்கா கொடுத்த மாத்திரையை, அவள் திரும்பிய சமயம் பார்த்து மாட்டுத்தொட்டியில் துப்பிவிட்டேன். மாடு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறது. பொன்னம்மாள் தொட்டியை எட்டிப் பார்க்கிறாள். உடனே புறப்பட்டு வரவும்.