சென்சார் அக்கா

திண்டுக்கல்லில் கலெக்டரைக்கூட ஒரு மனுவோடு போனால் பார்த்துவிடலாம். சென்சார் அக்காவின் வார்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பார்ப்பது அத்தனை லேசான காரியம் இல்லை.

நாகல் நகர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் ஆயா அவர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அதிலிருக்கும் பெயரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வார்டு முழுக்கச் சேர்ந்து வைத்த பெயர்தான் சென்சார் அக்கா.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். காய்ச்சல் விட்ட நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினேன், கால் இரண்டும் என்னோடு இறங்கவில்லை. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். மூச்சு வரைக்கும் ஏறாமல் நின்றால் பிழைப்பேன்; நடப்பது பயிற்சியையும் என் மன உறுதியையும் பொறுத்தது. அந்தச் சமயத்தில் என் கையிருப்பில் சுத்தமாக இல்லாத சரக்கு மன உறுதிதான்.

நம் ஜனங்கள் நோயாளியைப் பார்க்க வரும் முறை உங்களுக்குத் தெரியும். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள், கூடவே இதே வியாதி வந்த இன்னொருவரின் கதை. அந்த இன்னொருவர் கதை முடிவில் உயிரோடு இருக்கவே மாட்டார்.

முதலில் மாட்டியவர் நத்தத்து மாமா. கை நிறைய மாம்பழத்தோடு வந்தவரை அக்கா வாசலில் மறித்தார்.

"உள்ள போயி என்ன பேசப் போறீக? இங்கனயே சொல்லிக் காட்டுங்க."

மாமா மிரண்டுபோய் ஒத்திகையை ஆரம்பித்தார். "எங்க ஊர்லயும் ஒருத்தருக்கு இப்படித்தான் காலு வெளங்காமப் போயி..."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"அவரு... போய்ச் சேந்துட்டாரு."

"அப்ப நீங்களும் வீடு போய்ச் சேருங்க. லிப்டு அங்கிட்டு இருக்கு."

மாம்பழத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அடுத்தவர் என் நண்பர், ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி. அவர் விவரமானவர். "ஏனுங்க, நான் வாயே தொறக்கலீங்க. பாத்துட்டு மட்டும் வந்தர்றனுங்க" என்றார்.

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "எழவு வீட்டு மூஞ்சியா இருக்கே. கேண்டீன்ல டீ குடிச்சு, இத மாத்திக்கிட்டு வாங்க."

இரண்டு டீக்குப் பிறகுதான் முகம் தேறியது. உள்ளே வந்தவர், கேரளாவுக்குப் போக வேண்டிய தன் தக்காளி லாரி வழி தவறி மைசூர் போய் நின்ற கதையைச் சொன்னார். படுத்த பிறகு நான் முதல்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பத்தாம் நாள் கையும் கனக்க ஆரம்பித்தது. பயந்துபோய் என் மனைவி சித்ராவை அருகே அழைத்து, கடைச் சாவி எங்கே, இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே என்று சொல்லத் தொடங்கினேன். "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ அழுதுக்கிட்டே கெடக்காத..."

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "ஏம்மா, நீ செத்த நேரம் வெளிய இரு. தம்பி, இந்தப் பேச்சுக்கு இங்க அனுமதி இல்ல."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "நீங்க என்ன டாக்டரா? தரை தொடைக்கிறவங்க, தரையத் தொடைங்க."

சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா மிச்சத் தரையையும் துடைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. பிசியோதெரபிஸ்ட் வராத நாள், அக்காவுக்கும் விடுமுறை. பதினொரு மணிக்குக் கோயில் பூசை முடிந்த கையோடு பட்டுப் புடவையில் வந்து நின்றார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் வலது காலைத் தூக்கி அந்தப் பட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு மடக்கி நீட்ட ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம லீவு விட்டா காலு அதையே பழகிக்கிரும். எண்ணுங்க."

"அக்கா, நேத்து நான் பேசினது..."

"எண்ணுங்கன்னேன்."

எண்ணினேன். பன்னிரண்டில் மூச்சு வாங்கியது. "வந்தவங்களை ஏன்க்கா இம்புட்டு விரட்டுறீங்க?" என்று கேட்டேன்.

அக்காவின் கை நிற்கவில்லை. "எம் வீட்டுக்காரரு எட்டு மாசம் படுக்கையில கெடந்தாரு. பாக்க வந்தவுகல்லாம் செத்தவுக கதையாச் சொன்னாக. அவரு கேட்டுக் கேட்டே சோறு எறங்காமக் கெடந்தாரு. நாந்தான் அம்புட்டுப் பேரையும் உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்தேன்." அப்புறம் அதே குரலில், "பதிமூணு" என்றார்.

அதன்பின் எந்த ஞாயிறும் அவர் தவறவில்லை. ஒவ்வொரு காலுக்கும் இருபது. நான் வலிக்கிறது என்றால், "அப்ப உசுரு இருக்கு" என்பார். பத்தொன்பதோடு ஏமாற்றப் பார்த்தால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவார்.

நாலாவது ஞாயிறு, ஆறு எண்ணும்போது என் வலது கால் கட்டை விரல் தானாக ஒரு இழை அசைந்தது. சித்ரா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இன்னொருக்கா" என்றார் அக்கா.

பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்தேன். அசைந்தது. ஏழு எண்ண மறந்து அக்கா என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணீர் புடவையில் விழுந்ததைத் துடைக்கவும் இல்லை.

இப்போது தினமும் கடைக்கு நடந்தே போகிறேன். கொஞ்சம் சாய்ந்த நடைதான். ஆட்டோக்காரர்கள் பாவப்பட்டு, "ஏறுங்கண்ணே, காசு வேணாம்" என்று கூப்பிடுகிறார்கள். அக்கா ஒன்று ஒன்றாக எண்ணி மீட்டுக்கொடுத்த கால் இது. இதை ஆட்டோவில் சும்மா உட்கார வைக்க எனக்கு மனசு வருவதில்லை.