நூற்றிரண்டாவது தட்டு

சாக்லேட்டை ஒரு தடவைகூட வாயில் வைக்காமல், மூன்று தாலுகா ஜனங்களைச் சாக்லேட் வாங்க வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவருடைய ஆதார் அட்டை மட்டும்தான் உபயோகித்து வந்தது. எங்களுக்கு அவர் சீர்த்தட்டு அண்ணன்.

நான் அப்போது ஒரு சாக்லேட் கம்பெனியில் ஏரியா ஆபீசர். கம்பெனி பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் பச்சைத்தாள் சாக்லேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசர் என்றதும் ஏசி அறையைக் கற்பனை செய்துவிட வேண்டாம். நாகல் நகரில் எங்கள் ஏஜென்சியின் குடோனுக்கு மேலே ஒரு தகர ஷெட், அதில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு நான். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து வீடியோ மீட்டிங். மண்டல மேனேஜர் திரையில் தோன்றி, "டீம், ஆர் யூ ஹேப்பி?" என்பார். பல ஊர்களின் ஏரியா ஆபீசர்கள் ஆளுக்கொரு கட்டத்திலிருந்து "யெஸ் சார்" என்போம். எனக்கு அந்த ஒன்பது மணிக்கே உடம்பு சாயங்காலம் மாதிரி ஆகிவிடும். ஒரு மாத டார்கெட்டை முடித்தால் பரிசு என்ன தெரியுமா? அடுத்த மாதத்துக்கு அதைவிடப் பெரிய டார்கெட்.

சீர்த்தட்டு அண்ணன் அந்த ஏஜென்சியில் லைன் சேல்ஸ்மேன். கடை கடையாகப் போய் ஆர்டர் பிடித்து, சரக்குப் போடுகிற வேலை. வயது ஐம்பத்தைந்து. பேகம்பூரில் ஆரம்பித்துச் செம்பட்டி வரைக்கும் அவருடைய லைன். மொபெட்டின் பின்னால் தெர்மோகோல் பெட்டி, பெட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு, சாக்கை நனைக்க முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடம். வழியில் எங்கே பம்புசெட்டைப் பார்த்தாலும் வண்டி நின்றுவிடும்.

"எங்கண்ணே இருக்கீங்க?" என்று போனில் கேட்பேன்.

"சாக்லேட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கேன் சார். செத்த நேரத்துல வாரேன்."

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஒரு துண்டு தின்னு பாருங்கண்ணே. விக்கிறவருக்கு ருசி தெரிய வேணாமா?"

"வேணாம் சார். கசாயத்துல சீனியக் கொட்டுனாப்புல வாசன வருது."

"கடையில கேட்டா என்ன சொல்வீங்க?"

"உள்ளதச் சொல்லுவேன். எனக்குத் தெரியாது அப்பு, ஒம் பிள்ள கண்ணாடியவே பாத்துக்கிட்டு நிக்கிது பாரு, அதுட்ட கேளும்பேன்."

அப்படித்தான் சொன்னார். அப்படித்தான் விற்றது. கம்பெனி இதையே இங்கிலீஷில் ஐம்பது ஸ்லைடு போட்டு இரண்டு நாள் பயிற்சியாக நடத்தியது. நான் இரண்டு நாளும் தூங்கினேன்.

எங்கள் ஊர் வெயிலில் சாக்லேட்டைச் சும்மா வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் கரண்டி தேவைப்படும். அதனால் கம்பெனி முக்கியமான கடைகளுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று கொடுத்தது. நிபந்தனை இரண்டு. உள்ளே எங்கள் சாக்லேட் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் கடையை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. கடைக்காரர்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, கம்பெனி வண்டி தெருமுனை திரும்பியதும் அவரவர் வீட்டுச் சாமான்களை உள்ளே வைத்தார்கள். செம்பட்டியில் ஒரு பெட்டிக்கடை அக்கா. சென்னையிலிருந்து சோதனைக்கு ஒரு ஆள் வந்து அவர் கடை ஃப்ரிட்ஜைத் திறந்தால், மேலே மல்லிகைப் பந்து, நடுவில் தயிர்ச்சட்டி, அடியில் ஒரு மூலையில் பச்சைத்தாள்.

"வாட் இஸ் திஸ்?" என்றார் வந்தவர்.

"டிஸ்ப்ளே சார்" என்றார் சீர்த்தட்டு அண்ணன், கண்ணே சிமிட்டாமல். "பொண்டாட்டிக்குப் பூ வாங்க வாரவன், பக்கத்துல சாக்லேட்டு இருந்தா அதையும் எடுப்பான்ல?"

"தயிர்?"

"அது அக்கா மத்தியானம் சாப்பிட. எல்லாத்தையுமா சார் விக்க முடியும்?"

வந்தவர் நெகிழ்ந்துபோய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் கம்பெனி மெயிலில் பூவும் சாக்லேட்டும் 'வட்டாரப் புதுமை' என்ற தலைப்பில் வந்தது. தயிரை வெட்டிவிட்டிருந்தார்கள்.

இப்போது அந்தப் பட்டப்பெயருக்கு வருகிறேன். கம்பெனி பெரிய பெரிய பரிசுப் பெட்டிகளை இறக்கி, இதை விற்றே ஆக வேண்டும் என்று பிராணனை வாங்கியது. டிவி விளம்பரத்தில் புருஷன் மொட்டை மாடியில் மண்டிபோட்டு மனைவிக்குப் பெட்டியை நீட்டுவான். திண்டுக்கல்லில் மொட்டை மாடிக்கு வடகம் காயப்போடத்தான் போவார்கள். பெட்டிகள் குடோனில் தூசி தின்றன.

அந்தச் சமயம் செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோப்புக்காரர் வீட்டில் சாக்கு நனைக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார் அண்ணன். தோப்புக்காரர் அன்று தாய்மாமன். தங்கச்சி மகளுக்குக் காதணி விழா. பழம், தேங்காய், பாத்திரம், பட்டு என்று சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு எண்ணினால் ஐம்பது. சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். வேன் தயாராக நிற்கிறது, ஐம்பத்தோராவது தட்டுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அண்ணன் விற்காத பெட்டி ஒன்றை எடுத்து வெறும் தட்டில் வைத்தார்.

"இத வையிங்கப்பு. பளபளன்னு இருக்கு, வீடியோவுல நல்லா விழுகும்."

விழுந்தது. வீடியோவைப் பார்த்த ஊரெல்லாம் அது என்ன தட்டு என்று கேட்டது. ஒரு மாமன் ஒரு சாக்லேட் தட்டு வைத்தால் பக்கத்து ஊர் மாமன் மூன்று வைத்தார். அதற்கடுத்த ஊரில் ஏழு. அண்ணன் கம்பெனி அனுப்பிய விற்பனைத் திட்டத்தைத் தெர்மோகோல் பெட்டிக்கு அடியில் விரித்துவிட்டு, முகூர்த்த நாட்காட்டியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில் போய் உட்கார்ந்து யார் வீட்டில் என்ன விசேஷம் என்று குறித்துக்கொண்டு வருவார். எங்கள் ஏரியா விற்பனை தாறுமாறாக ஏறியது. சென்னை திகைத்துப்போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. நான் 'செரிமனி மாடல்' என்று பெயர் வைத்து எழுதி அனுப்பினேன். மேனேஜருக்குப் பதவி உயர்வு, எனக்கு ஒரு ஷீல்டு, அண்ணனுக்கு ஒரு டி-ஷர்ட். அதுவும் சின்ன சைஸ். அவர் அதில் மொபெட்டைத் துடைத்தார்.

அப்புறம் ஆப் வந்தது. ஒவ்வொரு சேல்ஸ்மேனும் ஒவ்வொரு கடையிலும் சாக்லேட் அடுக்கியிருக்கும் அலமாரியைச் செல்போனில் படம் எடுத்துப் போட வேண்டும். ஆப் மார்க் போடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மார்க்கில் கடைசியாக வருகிறவரை நிறுத்திவிட வேண்டும். பெயரை எழுதி அனுப்ப வேண்டியவன் நான்.

அண்ணன் எடுத்த படங்களில் பாதியில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. மீதிப் பாதியில் சீர்த்தட்டு. 'அலமாரி காணப்படவில்லை' என்று ஆப் திரும்பத் திரும்பச் சொன்னது. விற்பனையில் முதல் ஆள், மார்க்கில் கடைசி ஆள்.

"சார், இந்த வேலய விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றார். அதற்குமுன் அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மேனேஜர் நேரில் வந்து ஒரு சீர் ஊர்வலத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று இருவரும் முடிவு செய்தோம். மேனேஜரும் வருகிறேன் என்றார். அக்னி நட்சத்திரத்தில்.

செம்பட்டியில் ஒரு பூ வியாபாரி, தங்கச்சி மகளின் காதணி விழாவுக்குச் சீர் கொண்டுபோகிறார். நூற்றியொரு தட்டு, அதில் இருபத்தொன்று பச்சைத்தாள். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலையில் அண்ணன் போன் செய்தார்.

"சார், மண்டபம் போறதுக்குள்ள அம்புட்டும் கொழகொழன்னு ஆயிரும். அக்கா கடை ஃப்ரிட்ஜ குட்டியானை வண்டியில ஏத்தி, ஜெனரேட்டர் வச்சுக் கொண்டு போயிறவா? பொம்பளைங்க வெறும் தட்டோட நடக்கட்டும். வாசல்ல வச்சுத் தட்டுல எடுத்து வச்சிருவம். அப்பறம் ஃப்ரிட்ஜ அக்காட்டயே கொண்டுபோய் விட்டுருவேன்."

ஃப்ரிட்ஜ் கடையை விட்டு நகரக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வெயிலும் அசதியும் சேர்ந்து, "செய்யுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜரும் நானும் மண்டப வாசலில் நின்றோம். முன்னால் மேளம். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். அவர்களுக்கு நடுவே குட்டியானை மேல், கழுத்தில் ரோஜா மாலையும் நெற்றியில் சந்தனம் குங்குமமுமாக எங்கள் ஃப்ரிட்ஜ். வழியில் யாரோ பக்தியோடு செய்திருந்தார்கள். மேனேஜரின் முகம் வெளுத்தது. அதற்குள் அண்ணன் இருபத்தொரு தட்டிலும் சாக்லேட்டை வைத்து முடித்துவிட்டார். ஒன்றுகூட உருகவில்லை.

சீரை எண்ணி வாங்குவது பெண்ணின் அத்தை. நூற்றியொன்று எண்ணி முடித்தவர், குட்டியானையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நூத்திரெண்டு."

"அத்தாச்சி, அது சீரு இல்ல" என்றார் அண்ணன்.

"மால போட்டு, பொட்டு வச்சு, மேளத்தோட வந்தது சீரு இல்லையா? எறக்குங்க. ஆனா ரெட்டப்படையா வருதே, என்ன மாமன் நீங்க?"

பூ வியாபாரிக்கு மானம் போகிற நிலைமை. தோளில் கிடந்த பட்டுத் துண்டை உருவி ஒரு தட்டில் வைத்தார். "நூத்திமூணு. எண்ணிக்கோங்க!" குலவைச் சத்தம் மண்டபத்தைத் தூக்கியது. நான்கு பேர் ஃப்ரிட்ஜை இறக்கி மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"அது கம்பெனி சொத்து! திரும்ப ஏத்துங்க!" என்று மேனேஜர் கத்தினார். மேளம் நின்றுவிட்டது.

பூ வியாபாரி அவர் அருகே வந்தார். சத்தமே போடவில்லை. "சார், வந்த சீரத் திருப்பித் தூக்கிட்டுப் போனா எந்தங்கச்சி இந்த வீட்டுல எப்பிடி சார் தல நிமிந்து நடக்கும்?"

அந்தத் தங்கச்சி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார், என்னை ஒரு நொடி பார்த்தார், மேனேஜரிடம் போனார்.

"ஃப்ரிட்ஜு இங்கயே இருக்கட்டும் சார். கொண்டாந்தது நாந்தேன். மாமனுக்குத் தெரியாது, நம்ம ஆபீசருக்கும் தெரியாது. எம்மேல எழுதிக்கங்க."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரில் போகும்போது மேனேஜர், "எந்தப் பேரை அனுப்புறதுன்னு யோசிச்சிட்டிருந்தீங்கல்ல? இப்ப ஈஸி" என்றார். நான் செல்போனை எடுத்து, அண்ணனுடைய ஆதார் பெயரை டைப் செய்து அனுப்பினேன். அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் அவர் ஷெட்டுக்கு வந்து தெர்மோகோல் பெட்டியை ஒப்படைத்தார். சாக்கைப் பிழிந்து காயப்போட்டார். "நீங்க அனுப்பலேன்னா ஒங்க பேரு போயிருக்கும் சார். விடுங்க" என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நானும் அதிக நாள் அங்கே இல்லை. இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனி. மீட்டிங் ஒன்பதரைக்கு. அண்ணன் நாகல் நகரிலேயே சீர்த்தட்டு அலங்கரித்துக் கொடுக்கும் கடை போட்டுவிட்டார். செம்பட்டி மாமன்மார் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். அந்த ஃப்ரிட்ஜ் பெண் வீட்டில் தோசை மாவோடு நலமாக இருப்பதாகக் கேள்வி.

போன தை மாதம் என் மகளுக்குக் காதணி விழா. என் மனைவி வீட்டுக்கு ஒரே பிள்ளை, அண்ணன் தம்பி கிடையாது. மாமன் சீர் இல்லாமல் சின்னதாக முடித்துவிடலாம் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அண்ணனுக்கு நான் பத்திரிகை அனுப்பவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவது? அவர் வழக்கம்போல அச்சகத்தில் பார்த்திருக்கிறார்.

காது குத்துகிற நேரத்துக்கு வாசலில் மேளச் சத்தம். எட்டிப் பார்த்தால் அவர் சம்சாரமும் சொந்தக்காரப் பெண்களும் தட்டுகளோடு நிற்கிறார்கள். முன்னால் பட்டு வேட்டியில் சீர்த்தட்டு அண்ணன்.

"தங்கச்சி, அண்ணன் வந்துருக்கேன். வாசல்லயே நிக்க வச்சுட்டா எப்பிடித்தா?" என்றார் என் மனைவியைப் பார்த்து.

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மகளை அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். எத்தனை தட்டு என்று யாரும் எண்ணவில்லை, எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. சபையில் எல்லோர் முன்னிலையிலும் "வாங்க மச்சான்" என்று கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர்தான் இன்னும் 'சார்' என்பதை விடமாட்டேன் என்கிறார், அது ஒன்றுதான் எனக்குக் குறை.