பின்சீட்டில் அந்தோணியார்

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்-17,
11 ஜூன் 1964.

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் மிக்கேல்ராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை இருதயமேரியின் வீட்டுக்காரன் இன்னாசிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கையும் ஆண்டவர் கிருபையால் நல்ல சுகம். தூத்துக்குடியில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதியது, கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதற்காக. உள்ளபடி எனக்கு வயிறு எரிகிறது.

தங்கள் கடிதம் கிடைத்தது. "வண்டி விஷயத்தில் மாப்பிள்ளை இனியும் சாக்குச் சொல்லக்கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். சாக்கா? மச்சான், என் கல்யாணத்துக்குச் சீதனமாக மாமா அந்த மோட்டார் சைக்கிளைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினாரே, அது எந்த நிலைமையில் தாதரில் வந்து இறங்கியது என்று தங்களுக்கு யாராவது சொன்னார்களா? துறைமுகத்துத் துரை கப்பலேறும்போது மாமாவிடம் விட்டுப்போன, போருக்கு முந்தைய சீமை வண்டி என்று பேர்தான் பெரிது. புகைபோகும் குழாய்க்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. முன்விளக்கில் கண்ணாடி இல்லை. ஹார்ன் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அந்த ரப்பர் பந்து ஹார்னைக் கழற்றித் தாங்கள் தங்கள் சைக்கிளில் மாட்டிக்கொண்ட விஷயம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

ஆனாலும் நான் மனம் தளரவில்லை. காரணம், கல்யாணத்தன்று மாமா அந்த வண்டியின் சீட்டைத் தட்டி, "எம்மவ இதுல ஒரு நாளாச்சும் ராணி மாதிரி போவணும் மாப்ள" என்றார். நானும் சரி மாமா என்றேன். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், சொன்ன வார்த்தை என்னிடம் நிற்கிறது. தோல் ஷாப்பில் டைம்கீப்பர் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்கு நடையாய் நடந்து, ஒரு திருகாணி ஒரு ஸ்பிரிங் என்று சேர்த்து, இந்தக் கோடையில்தான் இஞ்சினுக்கு உயிர் வந்தது. வாசலில் நிறுத்தி உதைத்தேன். சந்து முழுவதும் புகை. இரண்டு பக்கமும் ஜனங்கள் இருமிக்கொண்டே கை தட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்து, "ஏறு மேரி" என்றேன். தங்கள் தங்கை வெட்கப்பட்டுக்கொண்டு வந்து சீட்டில் ஒரு கையை வைத்தாள். கைதான் மச்சான். டணார் என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் சீட்டுக்கு அடியில் வந்து சேருகிற மூட்டு இரண்டாகப் பிளந்து, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்து விழுந்தது. என்றைக்கோ உள்ளுக்குள் கீறியிருந்த இரும்பு. ஆனால் பக்கத்து வீட்டு ரோசம்மா வாயைச் சும்மா வைத்திருப்பாளா? "மேரி ஏறுனா, வண்டி முறிஞ்சிட்டு" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். அன்றிலிருந்து தங்கள் தங்கை ரோசம்மாவிடமும் பேசவில்லை, என்னிடமும் சரியாகப் பேசவில்லை. ராத்திரிச் சோற்றையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். இதெல்லாம் எனக்குத் தேவையா?

இந்த நேரம் பார்த்துத்தான் அத்தை ஏஞ்சலம்மாள் செம்பூரில் இளைய மகள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். அந்தோணியார் திருநாளுக்குள் வண்டி ஓடவேண்டுமாம், மேரி பின்னால் உட்கார்ந்து போவதை அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டுமாம், இல்லையென்றால் வண்டி இளைய மருமகன் ஏசுதாஸுக்காம். ஏசுதாஸிடம் புத்தம் புதிய ஸ்கூட்டர் இருக்கிறது! அந்த ஆள் என் வீட்டுக்கு வந்து, உடைந்த மூட்டைக் குனிந்து பார்த்து, "அண்ணே, இது தேறாது, எங்கிட்ட குடுத்துருங்க, சும்மா ஷோவுக்கு வச்சுக்கிடுதேன்" என்றான். மாமாவின் வண்டியை ஷோவுக்கு வைப்பானாம்.

நான் வெல்டிங் பூலோகத்திடம் ஓடினேன். எங்கள் சந்து முனையில் இரும்புக் கேட்டும் கட்டிலும் செய்கிற பூலோகம்தான். ஃபிரேமைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பித்தள வச்சி ஒட்டிரலாம் அண்ணாச்சி, ஒண்ணும் கவலப்படாதீங்க. ஆனா தெறிச்ச துண்டு வேணும். அது இல்லாம ஒட்டுனா மூட்டு கோணிக்கிடும், பின்சக்கரம் ஒரு பக்கம், முன்சக்கரம் ஒரு பக்கம் போவும்" என்றான். நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்து தேடினால் துண்டு இல்லை. பத்திரமாக ஜன்னல் மேல் வைத்த துண்டு. கட்டிலைப் புரட்டினேன். அரிசி டின்னைக் கொட்டிப் பார்த்தேன். எலியின் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். நான் கத்துகிற கத்தலில் தங்கள் தங்கைக்குப் பயம் வந்து, அந்தோணியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "காணாமப் போனதக் கண்டெடுத்துக் குடுக்குத எங்க அந்தோணியாரே, அந்தத் துண்டு கெடச்சிட்டுன்னா, வண்டியில மொதல்ல உன்னத்தான் ஏத்துவோம், அதுக்கப்புறந்தான் நான் ஏறுவேன்" என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டாள்.

படம் ஒன்றை வண்டியில் ஒட்டிவிட்டால் நேர்ச்சை தீர்ந்தது என்று நானும் சும்மா இருந்தேன். அன்று சாயங்காலமே துண்டு கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். கருவாட்டுச் சட்டி மூடியின் மேல். பூனை தள்ளாமலிருக்கப் பாரம் வைத்திருக்கிறாள், யார், தங்கள் தங்கை! வைத்தவள் அவள், மறந்தவள் அவள், நேர்ந்தவள் அவள். இதில் அந்தோணியார் செய்த வேலை என்ன என்று நான் கேட்டால் எனக்கு விசுவாசம் இல்லையாம்.

கேட்டுக்கொண்டிருந்தது யார்? தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோசம்மா. ரோசம்மா வீட்டுக்காரர்தான் திருநாள் கமிட்டிக்குத் தலைவர். போன வருஷம் சப்பரத்தைத் தோளில் தூக்கிப் போனபோது மழைச் சேற்றில் ஒருவர் வழுக்கி, அந்தோணியார் கும்பார்வாடாவில் ஒரு குயவர் வீட்டுப் பானை அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டார். ஆகையால் இந்த வருஷம் சக்கரம் வைத்த சப்பரம் வேண்டும் என்று கமிட்டி தவித்துக்கொண்டிருந்தது. நேர்ச்சை காதில் விழுந்ததும் அந்த மனிதர் நேராகப் பூலோகத்திடம் போயிருக்கிறார். நான் இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியையும் துண்டையும் பூலோகத்திடம் ஒப்படைத்த கையோடு, ஷாப்பில் கணக்கெடுப்பு என்று இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், மச்சான். மூட்டு ஒட்டியிருந்தது. அழகாகத்தான் ஒட்டியிருந்தது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூட்டின் மேலேயே நாலு கால் வைத்து, பலகை போட்டு, ஒரு பீடம்! பக்கத்துக்கொன்றாகக் கைவண்டிச் சக்கரம்! பீடத்தைச் சுற்றிப் பூமாலை தொங்கவிட வளையம்! ஃபிரேமோடு ஃபிரேமாகப் பற்றவைத்திருக்கிறான். தங்கள் தங்கை உட்காரவேண்டிய இடத்தில் அந்தோணியாருக்கு ஆசனம்.

"என்னல இது?" என்றேன். "நீங்கதான நேந்துக்கிட்டீங்களாம் அண்ணாச்சி, கமிட்டிக்காரங்க சொன்னாங்க. மஜ்பூத்தா போட்டிருக்கேன், யானை ஏறுனாலும் அசையாது" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு. அறுத்து எடு என்றேன். அப்போதுதான் சொல்கிறான், காலையில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டாராம். "சாமி ஏறுத எடம். நான் எங்க இசக்கியம்மனக் கும்பிடுதவன், அதுக்காவ ஒங்க சாமி பீடத்துல ரம்பம் வைப்பனா? கை வெளங்காமப் போயிரும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சரி போ என்று மாட்டுங்காவில் லேத்து வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் பாயிடம் கேட்டேன். அவர் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, காதைத் தொட்டுக்கொண்டு, "பெரியவங்க விசயத்துல நம்மள இழுக்காதீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். சாமியாரிடம் போனேன். "இன்னாசி, முதல் மரியாதை புனிதருக்குத்தானே? திருநாள் முடியட்டும்" என்றார். திருநாள் முடிந்தால் அடுத்த திருநாள் வரும். ஒரு தடவை மந்திரித்த பீடத்தை எந்தக் காலத்தில் அறுக்க விடுவார்கள்? எங்கள் சந்தில் தோலை அறுப்பவன் இருக்கிறான், தகரத்தை அறுப்பவன் இருக்கிறான், என் வண்டியை அறுக்க மட்டும் ஆள் இல்லை.

நாளை மறுநாள் திருநாள். வண்டி ஓடாது. இஞ்சின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அத்தை செம்பூரிலிருந்து வந்து பார்ப்பார்கள், ஏசுதாஸ் டெம்போ கொண்டுவருவான், மாமாவுக்குக் கொடுத்த வார்த்தை அதோடு போயிற்று. தங்கள் தங்கையோ, "எனக்கு அந்தச் சீட்டுல உக்காரக் குடுத்து வைக்கல, விடுங்க" என்று மட்டும் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை மச்சான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஆகையால் தாங்கள் மூத்த மகன் என்ற முறையில் மூன்று காரியம் செய்யவேண்டும். அத்தைக்கு எழுதி, மாப்பிள்ளை மேல் குற்றமில்லை, கிறிஸ்மஸ் வரை தவணை கொடுங்கள் என்று சொல்லவேண்டும். எங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதி, சீதனப் பொருளில் எந்தப் புனிதருக்கும் பங்கு இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அத்தோடு துறைமுகத்துப் பட்டறையிலிருந்து நல்ல ரம்பத்தோடு ஒரு ஆளை அனுப்பவேண்டும். கொஞ்சம் பக்தி குறைந்த ஆளாகப் பார்த்து அனுப்பவும். இது நடக்கவில்லையென்றால் நான் இந்தப் பங்கை விட்டே போய்விடுவேன், மாஹிமுக்கு நடந்து போய்ப் பூசை காண்பேன், நேர்ச்சை என்ற சொல்லை என் வீட்டில் யாரும் உச்சரிக்க விடமாட்டேன்.

அக்காவுக்கு எங்கள் தோத்திரம். பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் சிலுவை போடவும். ஆண்டவர் தங்கள் குடும்பத்தை எல்லாத் தீங்கிலிருந்தும், முக்கியமாகக் கமிட்டிகளிலிருந்தும், காப்பாராக.

தங்கள் மனம் நொந்த மாப்பிள்ளை,
ச. இன்னாசிமுத்து.

பின்குறிப்பு, 14 ஜூன்: கடிதத்தைத் தபாலில் போடப் புறப்படும்போதே பெருமழை பிடித்துக்கொண்டது. அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். நேற்றுச் சப்பரத்துக்கு நான் போகவில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரோசம்மா வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். அந்த ஹாண்டில் இடது பக்கம் இழுக்கும், அந்தக் குணம் எனக்குத்தானே தெரியும்? இவர்கள் தள்ளிய தள்ளில் அந்தோணியார் ரோசம்மா வீட்டுச் சாக்கடையில் முன்சக்கரத்தை விட்டு நின்றார். திட்டிக்கொண்டேதான் போனேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. முன்சீட்டில் ஏறி ஹாண்டிலைப் பிடித்தேன், நாற்பது பேர் தள்ளினார்கள். சேற்றில் புனிதரின் சுரூபம் ஆட ஆரம்பித்தது. பின்னால் பலகையில் யாராவது உட்கார்ந்து கட்டிப் பிடிக்கவேண்டும் என்றார்கள். ரோசம்மா வீட்டுக்காரர் ஏறினார், சக்கரம் அச்சு வரை புதைந்தது. இறக்கிவிட்டோம். அப்போது கூட்டத்திலிருந்து தங்கள் தங்கை, "நேந்தது நான், அவரு ஏறியாச்சி, இப்ப நான் ஏறலாம்" என்று சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, புனிதரை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தோணியார். அப்படியே தாராவி முழுவதும் சுற்றி வந்தோம் மச்சான். மூட்டு ஒரு முனகல் முனகவில்லை. தண்ணீர்க் குழாயடி வந்ததும் அவள், "பாத்துக்கிட்டியா ரோசம்மா? முறிஞ்சிதா?" என்று கேட்டது மேளத்தையும் தாண்டிக் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்பா பாத்திருக்கணும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அத்தை குடைக்கு அடியில் ஏசுதாஸோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஏசுதாஸ், "இதுல இஞ்சினே இல்லயே அத்த" என்றான். அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்து, "வண்டி ஓடணும், எம்மவ உக்காந்து போவணும்னுதான சொன்னேன். இஞ்சின்ல ஓடணும்னு யாரு சொன்னா?" என்றார்கள். ஆகவே மேலே எழுதியவற்றை எழுதாததாகப் பாவிக்கவும். அத்தைக்கு எழுதவேண்டாம், சாமியாருக்கு எழுதவேண்டாம், ரம்பத்தோடு யாரும் வரவேண்டாம். என்னைக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். நேற்றுக் கும்பார்வாடா திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரன் வழி விடாமல் மறித்துக்கொண்டு நின்றான், தொண்டை போகக் கத்தவேண்டியதாயிற்று. ஆகையால் தங்கள் சைக்கிளில் இருக்கும் அந்த ஹார்னைக் கழற்றி உடனே பார்சலில் அனுப்பவும். நான் கேட்கவில்லை, அந்தோணியார் கேட்கிறார்.