சுரண்டைக்குப் போன வாயில்கள்

தென்காசி,
18-7-1958

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆவுடையப்பன் அவர்களுக்கு, தமிழாசிரியர் இசக்கியப்பன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் பசுவும் நலம். அங்குச் சுரண்டையில் தாங்களும், தங்கள் வீட்டில் பத்து நாளாகக் கோபித்துக்கொண்டிருக்கும் என் மனைவி பாலம்மாளும் நலமாயிருக்க இலஞ்சி முருகனை வேண்டுகிறேன்.

குற்றம் என்னுடையதுதான். முதல் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு அழைத்துப்போவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். அன்று பார்த்து மதுரையிலிருந்து புலவர் நண்பர்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். அவர்களோடு ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வீட்டுக்கு வந்தால், கதவில் பூட்டு.

இதற்கு அகப்பொருள் இலக்கணத்தில் வழி இருக்கிறது. தலைவன் தலைவிக்குத் துணையாக வரும் தோழி, பாங்கன், பாணன் போன்றோரை வாயில்கள் என்பார்கள். ஊடல்கொண்ட தலைவியிடம் தலைவன் திரும்பிப்போக இவர்கள்தாம் வழி; பெயர் வந்ததும் அதனால்தான். இருபது வருஷமாக நடத்துகிற பாடமாயிற்றே என்று தோழியாக அடுத்த வீட்டு முருகம்மாளை அனுப்பினேன், அவள் திரும்பி வந்து, “ஏன் சார், சாரல் ஒங்களுக்கு மட்டுமா விழுது?” என்று கேட்டுவிட்டு அன்றாடம் தந்துகொண்டிருந்த குழம்பையும் நிறுத்திவிட்டாள். சரி, தலைவனின் தோழனாகிய பாங்கன் போகட்டும் என்று டிராயிங் மாஸ்டர் ஞானதுரையை அனுப்பினால், அவர் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் சாப்பிட்டு, மூன்று மணிவரை தூங்கி, போன காரியத்தை மறந்து திரும்பி வந்து, “தங்கச்சி கைப்பக்குவம் மாறவே இல்ல வே” என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. நான் வடித்த சோற்றைப் பசுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

பாணனுக்கு எங்கே போவேன்? வில்லுப்பாட்டில் உடுக்கடிக்கும் அய்யாக்குட்டியைக் காலையில் அனுப்பியிருக்கிறேன். அவரும் தோற்றால் மிச்சம் தாங்கள்தாம். பக்குவமாகப் பேசி அவளை அனுப்பி வையுங்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு விளக்கேற்றவே மனம் வரவில்லை. இதை யாரை விட்டுச் சொல்லச் சொல்வது?

தங்கள் பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாகப் படித்து, முக்கியமாகத் தமிழில் தேறி, நெடுங்காலம் வாழ என் ஆசிகள்.

அன்புள்ள,
இசக்கியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அய்யாக்குட்டி வந்துவிட்டார். பாலம்மாள் சொன்னாளாம்: “முருகம்மா வந்தா, டிராயிங் சார் வந்தாரு, இப்பம் நீங்க வந்திருக்கீங்க. அவுகளுக்குக் காலு இல்லையா?” ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். தாங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பசுவை முருகம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, சுரண்டை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தங்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போவேன். வாசித்து முடித்தாலும் கொஞ்ச நேரம் உள்ளே வராதீர்கள். பையில் இரண்டு துண்டு இருக்கிறது.