தொப்பிக்காரர் மட்டும் சிவப்பு

சத்தியமாகச் சொல்கிறேன், ஊசிக்கு நான் பயந்தவன் இல்லை. ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும், அவ்வளவுதான்.

என் பெயர் மர்சூக். மாத்தளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் புள்ளிவிபரக் கிளாக்கர். எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் அம்மை குத்திக்கொண்டார்கள் என்று வருஷா வருஷம் இருநூறு பக்கம் எழுதுவேன். படிக்கிறது கறையான் மட்டும்தான். அதுவும் அட்டையோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்த வருஷம் கண்டி ரயிலில் அம்மை ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் கிலி. "குத்தாதவன் யாரென்று எனக்கும் தெரியணும், ஜனங்களுக்கும் தெரியணும்!" என்று எங்கள் கந்தோரின் வெள்ளைக்காரத் தொரை கத்தினார். உடனே என் மூளை வேலை செய்தது. இலக்கமாக எழுதினால்தானே ஒருத்தருக்கும் புரியவில்லை? படமாகப் போடுவோம்! எங்கள் தெருவையே பெரிய தாளில் வரைந்தேன். வீட்டுக்கு வீடு ஆட்கள். குத்தினவர் பச்சை, குத்தாதவர் சிவப்பு.

அதில் எனக்கொரு வசதியும் இருந்தது. சாயம் பூசுகிறவன் நான்தானே! குத்தாத என்னையும் பச்சையாகவே பூசிவிட்டேன். துருக்கித் தொப்பியும் குடையுமாக, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உயரத்தில். உத்தியோகத்தன் என்றால் சும்மாவா?

என் பெண்சாதி ஹிதாயாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று அவளிடம் காட்டினேன்.

"இந்தத் தொப்பிக்காரரு நீங்கதானே?"

"பாத்தியா! ஒரு எழுத்து இல்லாம புரிஞ்சிட்டு!"

"பக்கத்துல குட்டியா நிக்கிறது?"

"நீ."

"நான் ஒங்க முழங்கால் ஒசரத்துக்கா ஈக்கிறேன்?"

"அது... தாள்ல இடம் பத்தல்ல."

"சரி. ரெண்டு பேரும் பச்சை. நீங்க எப்ப குத்தினீங்க?"

"மெதுவாப் பேசு! கந்தோர்காரனுக்கு அதெல்லாம் தேவையில்ல."

"அது அம்மைக்குத் தெரியுமா?"

"படத்துல பச்சைன்னா பச்சைதான். தொரையே ஒத்துக்கிடுவாரு."

"அப்ப சிவப்புன்னா?"

"நின்ன இடத்துலயே குத்திருவாங்க."

"நல்ல படம்," என்றாள். சாயப் புட்டிகளைப் பத்திரமாக எடுத்து ஓரமாக வைத்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அந்த அக்கறை புரியாத மடையன் நான்.

திங்கட்கிழமை சந்தைச் சுவரில், தொரை முன்னால், ஊர் முன்னால் தாளை விரித்தேன். கைதட்டல் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது.

திறந்து பார்த்தால், தொப்பி முதல் செருப்பு வரை நான் சிவப்பு! என் சாயத்தையே மிச்சம் வைக்காமல் பூசியிருந்தாள் பாவி.

"யார் இந்தப் பெரிய ஆள்?" என்றார் தொரை.

"மர்சூக் கிளாக்கரு!" என்று சந்தையே கத்தியது.

தொரைக்கு ஒரே சந்தோஷம். "இருபது வருஷத்தில் எனக்குப் புரிந்த முதல் அறிக்கை இது!" என்று என் முதுகில் தட்டிவிட்டு, அம்மை குத்துகிறவரைக் கூப்பிட்டார். என் குடையைக் கீரைக்காரி பிடித்துக்கொண்டாள். என் கையைக் கடைக்காரர் பாறூக் பிடித்துக்கொண்டார். நான் போட்ட கூச்சல் அடுத்த ஊர் ரத்தோட்டை வரை கேட்டதாம்.

ஒரு கிழமை காய்ச்சலும் வீக்கமுமாகப் பாயில் கிடந்தேன். ஹிதாயா நாளுக்கு நாலு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்ப்பாள். பெருமூச்சு விடுவாள். இவளுக்கு நம்மேல் இத்தனை பாசமா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறே?"

"அம்மை குத்திக்க."

"போன மாசமே குத்திட்டேன்னு சொன்னியே! அத நம்பித்தானே ஒனக்குப் பச்சை பூசினேன்!"

"நீங்க மௌத்தாகாம உசிரோட எழும்புறீங்களான்னு பாத்துட்டுப் போவோம்னு இருந்தேன்," என்றாள் ஹிதாயா.