ஒரு ஸ்டாப் பின்னால் மனைவி

"இருங்க, நானும் வர்றேன்" என்று மனைவி செருப்பைத் தேடிக் குனிந்த அந்த நேரத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் தப்பித்தார்.

செருப்பு அலமாரி மேல் கிடந்த, பஸ்ஸுக்கும் கடைக்கும் பணம் கட்டுகிற நீலக் கார்டை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ எதுக்கு? தைக்க வேண்டிய யூனிஃபார்ம் மலை மாதிரி கிடக்கு. ஒரு பல்லைப் புடுங்கறதுக்கு ரெண்டு பேர் போகணுமா?" என்றார்.

"போன தடவையும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனீங்க. டாக்டர் ஊருக்குப் போயிட்டார்னு திரும்பி வந்தீங்க. நான் ஃபோன் பண்ணா, டாக்டரே எடுத்துப் பேசுறாங்க."

"அது வேற டாக்டரா இருக்கும்."

"இன்னைக்கும் அப்படி ஏதாவது ஆச்சு, அடுத்த தடவை எங்கண்ணனை வரச் சொல்லிடுவேன். அவரு உங்களைத் தூக்கிக்கிட்டுப் போயி நாற்காலில உக்கார வைப்பாரு. பாத்துக்குங்க."

மச்சான் சொன்னால் செய்கிறவர். பளு தூக்குகிறவர் வேறு. ஒரு தடவை தூக்கினால் போதும், அதை ஆயுசுக்கும் குடும்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "கண்டிப்பா போறேன், நம்பு" என்று படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இறங்கிய மெக்கானிக், தெருமுனையில் பல் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகும் மார்க்கெட் பஸ்ஸில் ஏறினார்.

இத்தனைக்கும் அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. இருபது மாடிக்கு மேலே, இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு பாட்டுப் பாடியபடியே கம்பிக்கு எண்ணெய் போடுகிற ஆள். ஆனால் அந்தப் பல் டாக்டரின் நாற்காலி மட்டும் அவருக்கு ஆகாது. அதுவும் மேலே போகிறது, கீழே வருகிறது. ஆனால் பொத்தான் வேறொருவர் கையில் இருக்கிறது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கார்டை மெஷினில் காட்டினார். டிங் என்றது. ஜன்னலோர சீட் கிடைத்தது. திட்டம் சுலபமானது: மார்க்கெட்டில் ஒரு டீ, பக்கத்து தியேட்டரில் காலைக்காட்சி, பிறகு வீடு. "மாத்திரையிலேயே சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று ஒரு வரி. அந்த வரியை பஸ்ஸிலேயே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, கொஞ்சம் சோகம் கலந்த விதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

மார்க்கெட்டில் இறங்கி டீக்கடைக்குப் போய்க் கார்டைக் காட்டினார். டிங். டீயை வலிக்காத பக்கமாக ஒதுக்கி ஒரு வாய் உறிஞ்சும்போது ஃபோன் அதிர்ந்தது.

'மனைவி கார்டு பயன்படுத்தப்பட்டது. இடம்: மார்க்கெட் பஸ்.'

டீ நேராகக் கெட்ட பல்லுக்குப் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மனைவியின் கார்டு எங்கே பயன்பட்டாலும் மெசேஜ் அவருடைய ஃபோனுக்கு வரும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீலக் கார்டு வாங்கிய அன்றைக்கு அவர் செய்த ஏற்பாடு அது. "பாதுகாப்புக்குத்தான்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். தன்னுடைய கார்டுக்கு மெசேஜே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் எங்கே போறேன்னு எனக்கே தெரியாதா என்பது அவருடைய கட்சி.

ஆக, மனைவி மார்க்கெட் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரி பஸ்ஸில் இல்லை, மார்க்கெட் பஸ்ஸில். இவர் ஏறியதைப் பால்கனியிலிருந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே வருகிறாள்.

மெக்கானிக் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். மீதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன சார், டீ நல்லா இல்லையா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ரொம்ப நல்லாருக்கு. யாராவது பொம்பளை வந்து என்னைப் பத்திக் கேட்டா, நான் இங்க வரவே இல்லைன்னு சொல்லிடுங்க."

டீக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க. உங்க பேரு?"

"அதையும் சொல்லாதீங்க!"

தியேட்டர் இப்போது ஆபத்து. உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர ஒரே வாசல்தான். எதிரிலிருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கு ஓடினார். வாசலில் கார்டு. டிங். படிக்கட்டில் தடதடவென்று இறங்கி நடைமேடையில் மூச்சு வாங்கி நின்றபோது அடுத்த மெசேஜ்.

'மனைவி கார்டு பயன்படுத்தப்பட்டது. இடம்: மார்க்கெட் டீக்கடை.'

"அடிப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

டீக்கடையையும் கண்டுபிடித்துவிட்டாள்! அங்கே உட்கார்ந்து டீ வேறு வாங்கியிருக்கிறாள். அந்த ஆளிடம் விசாரிக்கத்தான் வாங்கியிருப்பாள். வெறுமனே கேட்டால் யார் சொல்வார்கள்?

படிக்கட்டில் பச்சைக் குடை ஒன்று இறங்கி வந்தது. மனைவியிடமும் பச்சைக் குடை உண்டு. மெக்கானிக் சட்டென்று எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பதுங்கினார். அது ஒல்லியான இயந்திரம். அவர் ஒல்லி இல்லை. குடைக்காரி பக்கத்தில் வந்து குனிந்து எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு அம்மாள்.

"ஏதாவது விழுந்துடுச்சா தம்பி?" என்றாள்.

"இல்லம்மா. மெஷின் சரியா இருக்கான்னு பாக்குறேன்."

இப்படியே ஓடிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. தானே ஃபோன் பண்ணிப் பேச்சுக் கொடுத்து, எங்கே நிற்கிறாள் என்று நைசாகத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, புடுங்கியாச்சா?"

பின்னால் கடகட, கடகட என்று ஒரே சத்தம்.

"இன்னும் இல்ல. க்யூல இருக்கேன். ஆமா, நீ எங்க இருக்க?"

"வீட்லதான். வேற எங்க இருப்பேன்?"

"அப்ப அது என்ன கடகடன்னு?"

"மெஷினுங்க. தையல் மெஷின்."

தையல் மெஷினாம்! ரயில் சத்தம் அவருக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்க மோட்டாரோடு பழகியவர். இது தண்டவாளத்தில் சக்கரம் ஓடுகிற சத்தம்தான். அவளும் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி, 'அடுத்த ரயில் முதலாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது' என்று அறிவித்தது.

"ஆஸ்பத்திரில என்னங்க ரயில் வருதுங்கிறாங்க?"

"டிவி. இங்க டிவி வச்சிருக்காங்க."

"சரி சரி. பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"பயமா, எனக்கா? நீ வெயில்ல எங்கயும் அலையாதே."

"நான் எதுக்கு அலையறேன்?"

ஃபோனை வைத்த மெக்கானிக்குக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. பொய் சொல்வது அந்த வீட்டில் தன்னுடைய டிபார்ட்மெண்ட் என்றுதான் அவர் நினைத்திருந்தார். எப்படிக் கூசாமல் சொல்கிறாள், தையல் மெஷினாம்! ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருந்தாலும் போதாது என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினார்.

நாலைந்து நிலையம் தள்ளி, கூட்டம் அதிகமாக இறங்கிய இடத்தில் தானும் கலந்து இறங்கினார். வெளிவாசலில் கார்டு. டிங். எதிரே ஒரு துணிக்கடை. வேஷம் மாற்றுவதுதான் வழி. பெரிய விளிம்பு வைத்த ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினார்.

"கல்யாணமானவங்க யாரும் இந்தத் தொப்பியை எடுக்கறதில்லை சார்" என்றாள் கடைப் பெண்.

"அதனாலதான் எடுக்குறேன்" என்று கார்டைக் காட்டினார். டிங்.

கடையை விட்டு வெளியே வருவதற்குள் மெசேஜ் இரண்டாக வந்தது. சுரங்க ரயில் நிலையத்துக்குள் மனைவி கார்டு நுழைந்துவிட்டது. இதோ, இந்த நிலையத்திலேயே வெளியேயும் வந்துவிட்டது.

தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இனி தன்னைப் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது என்று சற்றே நிம்மதியாகக் கால் நீட்டினார். ஃபோன் அதிர்ந்தது.

'மனைவி கார்டு பயன்படுத்தப்பட்டது. இடம்: துணிக்கடை, தொப்பிப் பிரிவு.'

மெக்கானிக் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். பெஞ்சின் மறுமுனையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏன் கழட்டிட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

"பிரயோஜனமில்ல சார். தொப்பியும் தெரிஞ்சுபோச்சு."

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு. காலைலேந்து பின்னாலேயே வர்றா. நான் எங்க போனாலும் ஒரு ஸ்டாப் பின்னால நிக்கிறா."

பெரியவர் செய்தித்தாளை மடித்தார். "கொடுத்து வச்சவர் சார் நீங்க. என் வீட்ல எல்லாம் நான் எங்க போனேன்னு கேக்கக்கூட ஆளில்லை."

அந்தப் பேச்சு மெக்கானிக்கை என்னவோ செய்தது. அவளுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் காலோடு சுரங்கத்தில் இறங்கி ஏறி, தைக்க வேண்டியதை அப்படியே போட்டுவிட்டு, இந்த வெயிலில் கடை கடையாக அலைகிறாள். எதற்கு? இவருடைய ஒரு சொத்தைப் பல்லுக்காக. அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது; பல்வலியால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

இந்த அலைச்சலை நிறுத்த ஒரே ஓர் இடம்தான் உண்டு. அவள் அங்கே வந்து சேரும்போது இவர் நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொப்பியைப் பெரியவர் தலையில் வைத்துவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தாவி ஏறி, கார்டைக் காட்டினார். டிங். இறங்கி, தலைதெறிக்க ஓடி, பல் ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தார்.

"சீக்கிரம்! அவ வர்றதுக்குள்ள புடுங்கிடுங்க!"

வரவேற்பில் இருந்த பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். தன்னுடைய தொழிலில் இதுவரை நோயாளிகள் வெளியே ஓடித்தான் அவர் பார்த்திருக்கிறார். உள்ளே ஓடி வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறிப் படுத்து, "ஆ" என்ற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஊசி போட்டுட்டுக் கொஞ்ச நேரம் மரத்துப்போக விடணும். அவசரப்படாதீங்க."

"மரத்துப்போச்சு டாக்டர். காலைலேயே எல்லாம் மரத்துப்போச்சு."

ஊசி இறங்கியது. நாற்காலி மேலே போனது; மெக்கானிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கன்னம் கனத்து, நாக்கு தன்னுடையதா என்ற சந்தேகம் வரும் வேளையில் சட்டைப் பை அதிர்ந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

'மனைவி கார்டு பயன்படுத்தப்பட்டது. இடம்: ஆஸ்பத்திரி பஸ்.'

"ஏறித்தா! வந்துத்தே இருக்கா!" என்று கத்தினார். "எதுங்க தாக்தர்! எதுங்க!"

டாக்டரம்மா எடுத்தார்.

எறும்பு கடித்த மாதிரி என்று சொல்ல முடியாது. ஆனால் மெக்கானிக் கற்பனை செய்திருந்த அளவுக்கு இல்லை. நாற்காலி கீழே வந்தபோது அவருக்குத் தன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சு. கையில் ஒரு சின்ன டப்பாவில் பல். மச்சான் இனி யாரைத் தூக்குவாராம்? வரட்டும், எல்லாரும் வரட்டும்.

வரவேற்பு மேசைக்கு வந்து பெருமையாகக் கார்டைக் காட்டினார். டிங்.

இந்தத் தடவை மெசேஜ் உடனேயே வந்தது.

'மனைவி கார்டு பயன்படுத்தப்பட்டது. இடம்: பல் ஆஸ்பத்திரி, வரவேற்பு.'

வந்துவிட்டாள்! பல் டப்பாவை வெற்றிக் கோப்பை மாதிரி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் யாரும் இல்லை. கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். காத்திருப்பவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"யாரைத் தேடுறீங்க சார்?" என்றாள் வரவேற்புப் பெண்.

"எந் மதைவி" என்றார் பஞ்சு வாயோடு. "இப்பத்தான் இங்க கார்தைக் காத்தினா. மெதேஜ் வந்துத்து!"

அவள் மெஷினிலிருந்து வந்த ரசீதைக் கிழித்து, ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கார்டோடு சேர்த்து அவரிடம் நீட்டினாள்.

"இங்க யாரும் வரலையே சார்... நீங்க காட்டினதுதான் உங்க மனைவி கார்டு."