சில்லுச்சாமியும் முனிக்குழியும்

கடந்த கார்த்திகை மாதம் மருதனார்மடத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், விடிய ஆறு மணிக்கே வாகன வரிசை தொடங்கிவிடும். பெற்றோலுக்கு நின்ற காலம் போய்விட்டது. இது வாகனச் சில்லுக்குத் தோசம் கழிக்கிற சில்லுச்சாமிக்கு நின்ற வரிசை.

காரணம் பிரதான வீதியில் இருந்த ஒரு குழி. முதல் மழைக்கு அது சருவச்சட்டி அளவு. மூன்றாம் மழைக்கு எருமை படுக்கலாம். அதில் விழுந்த வாகனங்கள் பிறகு ஒரு பக்கமாக இழுத்தன. இழுக்காமல் என்ன செய்யும்? ஆனால் சாமிக்கு ஞானம் வந்தது: குழிக்குள் முனி இருக்கிறது, விழுகிற வண்டியின் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறது! சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குழியை மூட வேண்டிய உத்தியோகத்தரே தன் ஜீப்புக்குத் தோசம் கழித்தார் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

சாமியின் வேலை மிக ஒழுங்கானது. முதலில் அவருடைய சீடன் லக்சன் காரை ஒழுங்கையில் ஓட்டி, ஸ்ரேறிங்கிலிருந்து கையை எடுப்பான். கார் ஒரு பக்கம் இழுக்கும். "பாத்தியளோ, முனி!" பிறகு காரைச் சிவப்புத் துணியால் மூடுவார்கள். லக்சன் விபூதியோடு துணிக்குள் நுழைவான். வெளியே எல்லோரும் கிழக்கே திரும்பிக் கண்ணை மூட வேண்டும். சாமி மூச்சு முட்டச் சங்கு ஊதுவார். துணியை எடுத்து மறுபடி ஓட்டினால், கார் நேரே போகும்! கடைசியாக ஒரு கட்டளை: "ஒரு மண்டலத்துக்குச் சில்லுக்குக் காத்தடிக்கப்படாது. முனி காத்தோடைதான் திரும்ப ஏறும்."

இந்தக் கடைசிக் கட்டளைதான் நிவேதனாவின் மண்டையைக் குடைந்தது.

நிவேதனாவுக்கு நிறைமாதம். அடுத்த கிழமை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவளைக் கொண்டுபோக வேண்டிய காரோ, கணவன் பார்த்தீபன் வாடகைக்கு ஹயர் ஓடுகிற கார். அது குழியில் விழுந்த நாளிலிருந்து இடப்பக்கம் இழுத்தது.

"கராச்சிலை காட்டித் திருத்துங்கோவன்," என்றாள்.

"நீர் பேசாமல் இரும். பக்கத்து வீட்டு றொசாந்தியக்காவின்ரை வானுக்கு மூண்டுதரம் தோசம் கழிச்சவை, தெரியுமோ?"

"ஒருதரம் கழிச்சது சரிவந்திருந்தால் ஏன் மூண்டுதரம்? அக்காவின்ரை மனுசன் காத்தடிச்ச அண்டைக்குத்தானே ஒவ்வொருமுறையும் திரும்ப இழுத்தது?"

"அதைத்தானே சாமியும் சொல்லுறார்!"

இதற்கு மேல் என்ன கதைப்பது? "சரி, நானும் வாறன்," என்றாள்.

வரிசையில் தங்கள் முறை வரப்போகும்போது நிவேதனா கைப்பையிலிருந்து நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூற்றெக்ஸ் போத்தலை எடுத்தாள். வயிற்றைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, நான்கு சில்லிலும் காற்றடிக்கிற வாயின் மூடியையும் அதன் அடியையும் சேர்த்து ஒவ்வொரு பூச்சு, தடிப்பாகப் பூசினாள்.

"உதென்ன கோதாரி?" என்றான் பார்த்தீபன்.

"முனிக்கு அலங்காரம்."

லக்சன் ஓட்டினான். கார் இடப்பக்கம் இழுத்தது. "ஐயோ, பொல்லாத முனி!" என்றார் சாமி. துணி விழுந்தது. சங்கு முழங்கியது. நாற்பது பேர் பக்தியோடு கண்ணை மூடினார்கள். நிவேதனா காதைத் திறந்து வைத்திருந்தாள். சாமி மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரு சின்னச் சத்தம்: புஸ்ஸ்.

துணியை எடுத்ததும் அவள் முன்னே போனாள்.

"சாமி, கொஞ்சம் பொறுங்கோ. இந்த நாலு மூடியையும் எல்லாரும் வந்து பாருங்கோ. மூண்டிலை பூச்சு அப்பிடியே கிடக்கு. வலப்பக்க முன்சில்லிலை மட்டும் ஏன் கலைஞ்சிருக்கு?"

சாமி அசரவில்லை. "பிள்ளை, முனி வெளிக்கிட்ட வாசல் அது!"

கூட்டம் சிலிர்த்தது. ஒருவர் கும்பிடவும் செய்தார்.

"ஓம், நல்ல முனிதான். போகேக்கை மூடியைத் திருப்பிப் பூட்டிப்போட்டெல்லோ போயிருக்கு!"

பின்னால் நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வெடித்தது. அது வரிசை முழுக்கத் தொற்றியது.

"தம்பி லக்சன், கையைக் காட்டும்."

லக்சன் கையைப் பின்னால் ஒளித்தான். பார்த்தீபன் பிடித்து இழுத்தான். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் காயாத சிவப்பு.

"இப்ப இந்தச் சில்லுக்குக் காத்தடிச்சுப் பாப்பம்," என்றாள் நிவேதனா.

"வேண்டாம்! முனி ஏறும்!" சாமி அலறினார்.

"ஏறட்டும். ஆளைப் பாப்பம்."

யாரோ வானிலிருந்து பம்பைக் கொண்டுவந்தார். காற்று நிறைந்தது. இந்தமுறை பார்த்தீபனே ஓட்டினான். கார் பழையபடி இடப்பக்கம் இழுத்தது. சூட்சுமம் இவ்வளவுதான்: கார் இடப்பக்கம் இழுத்தால், வலப்பக்க முன்சில்லில் காற்றைக் குறைத்துவிடுவது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க, கார் கொஞ்ச நாள் நேரே போகும்.

சனம் திரும்பிப் பார்த்தபோது சாமியைக் காணவில்லை. வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டும், அதில் கிழிந்த காவித்துண்டும் மட்டும் இருந்தன.

அங்கிருந்து நேரே அருள்நேசனின் கராச். அவர் காரை ஜாக்கியில் உயர்த்தி, இடப்பக்க முன்சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது பால்பல் மாதிரி ஆடியது.

"ஸ்ரேறிங்கையும் சில்லையும் இணைக்கிற கம்பி வளைஞ்சு, மூட்டும் கழரப்போகுது. இன்னும் நாலு நாள் ஓடியிருந்தால் கார் சொன்ன பக்கம் திரும்பாது, தம்பி. ஆரை ஏத்திக்கொண்டு போக இருந்தனீர்?"

பார்த்தீபன் மனைவியின் வயிற்றைப் பார்த்தான்.  கார்ச் சாவியை அருள்நேசனின் கையில் வைத்தான்.

புதுக் கம்பி போட்டு, சில்லுகளின் நேர் பார்த்து எடுத்த அந்தக் காரிலேயே நிவேதனா தெல்லிப்பழைக்குப் போனாள். பெண் குழந்தை, சுகம்.

சாமி ஓடிய மறுநாளே அவரிடம் நின்ற வரிசை முழுவதும் அருள்நேசனின் கராச் வாசலுக்கு வந்தது. முதலாவதாக நின்ற பெரியவரின் காருக்கடியில் அருள்நேசன் படுத்தார். பெரியவர் கிழக்கே திரும்பி, கைகூப்பிக் கண்ணை மூடினார்.

அருள்நேசன் தலையை வெளியே நீட்டினார்.

"ஐயா, முதல் கண்ணைத் திறவுங்கோ. நான் என்ன செய்யிறன் எண்டு குனிஞ்சு பாருங்கோ. விளங்காட்டில் கேளுங்கோ. நாளைக்கு நானும் ஏமாத்தமாட்டன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"